கோட்டூருக்குப் போன வீடு

"எந்த நடிகரு வந்திருக்காரு?"

கல்லணைக்குப் பக்கத்தில் வண்டியை ஓரங்கட்டி இறங்கியபோது காலை 6 மணிகூட ஆகவில்லை. டீக்கடைப் பெரியவர் பாய்லரை விட்டுவிட்டு வந்து நின்றார்.

"யாரும் இல்லைங்க. நான்தான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் திறந்திருந்த கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். உள்ளே என் மனைவி நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். "ஓ, ஷூட்டிங் இல்லியா" என்று சொல்லிவிட்டு, ஏமாந்த முகத்தோடு போய் இரண்டு டீ போட்டுக் கொடுத்தார். டீக்குச் சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

தமிழ்நாட்டில் கேரவன் என்றால் ஒன்று சினிமாக்காரர்கள், இல்லாவிட்டால் தேர்தல் பிரசாரம். ஓய்வுபெற்ற ஒரு மெஷின் ஷாப் ஃபோர்மனும் அவன் மனைவியும் அதில் போவார்கள் என்று யாரும் நினைப்பதில்லை. நானே நினைத்ததில்லை. மனைவிக்கு இரண்டு முழங்காலிலும் மாற்று அறுவை சிகிச்சை ஆன பிறகு வந்த யோசனை இது. நல்லது கெட்டதுக்கு என்று கிராமத்துக்குப் போனால் அவளுடைய முதல் கவலை கழிவறை. உட்கார்ந்து எழ முடியாது. போன இடத்தில் கேட்கவும் கூச்சம். அதனால் முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டாள். அப்படி இரண்டு முறை மயங்கி விழுந்தாள். மூன்றாவது முறை நடக்க வேண்டாம் என்றுதான் பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கினேன். பஸ் பாடி கட்டுவதற்குப் பேர்போன கரூரில் ஒரு பட்டறையில் விட்டு, சீட்டையெல்லாம் கழற்றி, ஒரு படுக்கை, இரண்டு பேர் உட்காரும் சோபா (இழுத்தால் அதுவும் படுக்கை), இரட்டை அடுப்பு, 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, கூரையில் இரண்டு சோலார் தகடு, மூலையில் ஒரு மேல்நாட்டுக் கழிவறை என்று வைத்துக்கொண்டேன். நம் நாட்டில் இதற்கென்று தனி விதியே இருக்கிறது, ஏஐஎஸ் 124 என்று பெயர். கேஸ் சிலிண்டரை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக்கூடாது என்பதிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்து, பதிவுப் புத்தகத்தில் மாற்றி எழுதி வாங்குவதற்குள் எட்டு மாதம் ஆகிவிட்டது.

வண்டி வந்ததும் மனைவி போட்ட முதல் சட்டம்: "இனிமே யார் வீட்டுக்குப் போனாலும் அவங்களுக்குத் தொந்தரவு கொடுக்கக்கூடாது. படுக்கை நம்மது, பாத்ரூம் நம்மது, சமையல் நம்மது. அஞ்சு நிமிஷம் பார்த்துட்டுக் கிளம்பிக்கிட்டே இருக்கணும்."

சட்டம் நல்ல சட்டம்தான். டெல்டாவில் செல்லாது என்பது அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது.

தை மாதக் கடைசி. நான் 1984இல் பூண்டி புஷ்பம் கல்லூரியில் சேர்ந்தவன். ஹாஸ்டலில் எங்களில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. ஊர்ப் பெயர்தான் பெயர். "டேய் திருக்காட்டுப்பள்ளி, சோப்பு இருக்கா?" "அம்மாபேட்டைக்கு லெட்டர் வந்திருக்கு." "நீடாமங்கலத்துக்குக் காய்ச்சல்." என்னை எல்லாரும் "திருவெறும்பூர்" என்று முழுசாகக் கூப்பிடச் சலித்துக்கொண்டு "வெறும்பூர்" ஆக்கி, கடைசியில் வெறும் "வெறும்" ஆக்கிவிட்டார்கள். நாற்பது வருடம் ஆகியும் என் போனில் அவர்கள் எல்லாரும் ஊர்களாகத்தான் இருக்கிறார்கள். மனைவிக்கு முதலில் குழப்பமாக இருந்தது. "கோட்டூர் காலிங்" என்று வந்தால் பஞ்சாயத்து ஆபீஸ் என்று நினைத்துக்கொள்வாள்.

திருவெறும்பூரிலிருந்து கோட்டூர்வரை 150 கிலோமீட்டருக்குள்தான். வழியில் நான்கு வீடு. ஒரே நாளில் பார்த்துவிட்டு ராத்திரி கோட்டூரில் தங்குவது என்று திட்டம்.

கல்லணையில் தண்ணீர் இல்லை. ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். மூடி சில நாள் ஆகியிருந்ததால் மதகுகளுக்குக் கீழே மணலும் ஆங்காங்கே குட்டைகளும்தான். காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், புதாறு என்று நான்காகப் பிரித்துவிடும் இடம் இது. புதாறு என்று இந்தப் பக்கம் சொல்வது கல்லணைக் கால்வாயை. 1934இல் வெட்டியது இன்னும் "புது" ஆறாகவே இருக்கிறது. கரிகாலன் யானைமேல் உட்கார்ந்து காய்ந்த மணலைப் பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் ஓடும்போது இங்கே நின்றால் பேச்சுக் காதில் விழாது. அன்றைக்குக் கொக்கு இறக்கை அடிக்கும் சத்தம்கூடக் கேட்டது.

கோவிலடி வழியாகத் திருக்காட்டுப்பள்ளி. அப்பக்குடத்தான் கோயிலில் நின்று கும்பிட்டுப் போகலாம் என்றாள் மனைவி. பெருமாளுக்கு தினமும் அப்பம் படைக்கும் கோயில் அது. "வரும்போது பார்க்கலாம்" என்றேன். இந்த "வரும்போது" என்ற வார்த்தையை நம்பி எத்தனை கோயில்களை விட்டிருக்கிறோம் என்று அவள் கணக்கு வைத்திருக்கிறாள்.

திருக்காட்டுப்பள்ளி வாழைக்காரன். ஆற்றுக்கும் கரைக்கும் இடையில் இருக்கும் படுகை நிலத்தில் பூவனும் மொந்தனும் போட்டிருக்கிறான். வீடு தோட்டத்தை ஒட்டியே. வண்டியைப் பார்த்ததும் அவன் வரவில்லை, அவனுடைய அம்மா வந்தார். 86 வயது. கம்பு ஊன்றாமல் நடக்கிறார். எங்கள் ஹாஸ்டலுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் தூக்கில் கருவாட்டுக் குழம்பு கொடுத்தனுப்பிய கை அது.

"இதுதான் வீடா?" என்று வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். படியேறி உள்ளே வந்தார். அடுப்பைத் தொட்டுப் பார்த்தார், குழாயைத் திறந்து மூடினார், படுக்கையை அமுக்கிப் பார்த்தார். கழிவறைக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏண்டா தம்பி, இது எந்த மூலை?"

"மூலையா? பின்பக்கம், இடது பக்கம்மா."

"அது தெரியுது. வண்டி இப்ப கெழக்கப் பார்த்து நிக்கிது. அப்ப இது வடமேற்கு. பரவால்ல. நீ தெக்கப் பார்த்து நிறுத்துனா இது ஈசானியத்துக்குல்ல வந்துரும்? ஈசானியத்துல கக்கூஸ் வைக்கலாமா?"

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. கரூர்ப் பட்டறையில் எடை, மின்சாரம், காற்றோட்டம் எல்லாம் கேட்டார்கள். இதை யாரும் கேட்கவில்லை. உண்மையிலேயே ஒவ்வொரு திருப்பத்திலும் வாஸ்து மாறும் வீடு என்னுடையது. "அப்ப இனிமே தெக்கப் பார்த்து நிறுத்தமாட்டேம்மா" என்றேன். அவர் திருப்தியாகத் தலையாட்டினார். நம்பமாட்டீர்கள், அன்று முழுவதும் எங்கே நிறுத்தினாலும் என் மனைவி போனில் திசைகாட்டியைத் திறந்து பார்த்தாள்.

இட்லி, சட்னி, கூடவே முதல் நாள் வைத்த மீன்குழம்பு. எங்கள் அடுப்பில் பொங்கல் செய்வதாக இருந்தோம் என்பதை மனைவி சொல்ல வாயெடுத்தாள். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

பாத்திரம் கழுவிய தண்ணீர் சேரும் தொட்டியை எங்கே காலி செய்வது என்று திருக்காட்டுப்பள்ளியைக் கேட்டேன். கேரவன் வைத்திருப்பவனின் தினசரித் தலைவலி அது. நகரத்தில் இடம் தேடி அலைய வேண்டும். அவன் குழாயின் வாயைப் பிடித்து இழுத்துப்போய் ஒரு வாழைக்கட்டையின் அடியில் விட்டான். "சோறு கழுவுன தண்ணிதானடா. அது குடிச்சுக்கும்." பம்ப்செட்டைப் போட்டு நல்ல தண்ணீர் தொட்டியையும் நிரப்பிக் கொடுத்தான். கிளம்பும்போது இரண்டு தார் பூவன் கொண்டுவந்தான். வைக்க இடமில்லை என்றேன். உள்ளே வந்து சுற்றும் முற்றும் பார்த்தான். குளிக்கும் இடத்தில் திரை மாட்டுவதற்கு ஒரு கம்பி இருந்தது. அதில் கட்டித் தொங்கவிட்டான். அதோடு எங்கள் குளியலறைக்கு அன்று ஓய்வு.

திருவையாற்றில் யாரும் இல்லை. மிருதங்கம் கற்றுக்கொண்டிருந்த திருவையாறு இப்போது கனடாவில் மகனோடு. ஆனாலும் அவனுக்காகத் தியாகராஜர் சமாதிப் பக்கம் ஐந்து நிமிஷம் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பினேன். ஆராதனை முடிந்து பந்தல் கால்கூடப் பிடுங்கியாகிவிட்டது. சமாதிக்கு மண்டபம் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் எதிரிலேயே தானும் அடங்கியிருக்கிறார். அந்தப் பக்கம் ஓர் ஆட்டுக்குட்டி படுத்திருந்தது. "அசோகா வாங்குனியா?" என்று கனடாவிலிருந்து உடனே பதில். அங்கே நடுராத்திரியாக இருக்க வேண்டும். வாங்கினேன். பாசிப்பருப்பு அல்வாதான், ஆனால் திருவையாற்றுக்காரனிடம் அதை அல்வா என்று சொன்னால் கோபம் வந்துவிடும்.

தஞ்சாவூருக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு நாகப்பட்டினம் சாலையைப் பிடித்தோம். பூண்டி கல்லூரி வாசலில் வண்டியை மெதுவாக்கினேன். வாட்ச்மேன் கையைக் காட்டினார். "ஏதாவது ஷூட்டிங்கா சார்?"

சாலியமங்கலம் தாண்டியதிலிருந்து சாலையே களம். சம்பா அறுத்துக் கொண்டுவந்து ரோட்டின் ஒரு பாதியில் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். ஓரத்துக்குக் கல்லும் மரக்கிளையும் வைத்து எல்லை. வெளியூர்க்காரர்கள் இதைத் திட்டுவார்கள். விபத்து நடக்கிறது என்பதும் பொய் இல்லை. ஆனால் பெல்ட் வண்டி என்கிற அறுவடை மெஷினை வைத்து ஒரே நாளில் பத்து ஏக்கரை அறுத்துக் கொட்டிவிடும் காலத்தில், கையால் அறுத்துக் கட்டுக் கட்டாகப் போரடித்த காலத்துக் களங்கள் எப்படிப் போதும்? நெல் மொத்தமாக ஈரத்தோடு வந்து விழுகிறது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். வெயிலும் சூடும் ஒரே இடத்தில் கிடைப்பது தார் ரோட்டில்தான். வண்டியை முதல் கியரில் ஓட்டினேன். ஒரு பெண் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே எங்களைப் பார்த்து ஒதுங்கினாள். வயலில் அறுத்த தாளுக்கு நடுவே உளுந்து இரண்டு இலை விட்டிருந்தது. அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே நிற்கும் பயிருக்குள் தெளித்துவிடுவார்கள். பெல்ட் ஏறிய தடத்தில் மட்டும் முளை இல்லை. வயல் முழுக்க இரட்டைக் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் மாதிரி இருந்தது.

அம்மாபேட்டை இப்போது இல்லை. 2021 மே மாதம், கொரோனா இரண்டாவது அலையில் போய்விட்டான். போன் புத்தகத்திலிருந்து அந்த ஊரை நான் அழிக்கவில்லை, அதே எண்ணில் இப்போது அவன் மனைவி பேசுகிறார். அப்போது வர முடியவில்லை. அதற்கப்புறம் வெறுங்கையோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்று தள்ளித் தள்ளிப்போட்டு இத்தனை நாள் ஆகிவிட்டது.

அவர் அழவில்லை. என் மனைவிதான் அழுதாள். "அதெல்லாம் ஆச்சு, வாங்கக்கா. முட்டி எப்படி இருக்கு?" என்று அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். வாய்க்கால் வற்றுகிறபோது கிடைக்கும் விரால் வாங்கி வைத்திருந்தார். நாங்கள் வருவதாகச் சொன்னதோ முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்கு. விடியற்காலையில் போய் நின்று வாங்கியிருக்க வேண்டும். இலையில் உட்கார்ந்தபோது அவர் சொன்னார்: "அவங்க இருந்தப்ப ஹாஸ்டல் கதை சொல்லாத நாளே இல்ல. ஒவ்வொரு ஊரு பேரா சொல்லிச் சிரிப்பாங்க. நான் யாரையுமே பார்த்ததில்ல. இப்பதான் ஒரு ஊரு வந்திருக்கு."

அதற்கு நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மோர் ஊற்றச் சொல்லியிருப்பேன்.

கிளம்பும்போது போய்ட்டு வர்றோம் என்று சொல்லாமல் கைகூப்பிவிட்டு ஏறினோம். வண்டிக்குள் எங்களுக்குத் தெரியாமல் ஒரு பை வடகம் ஏறியிருந்தது.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டைத் தெரியாதவன் டெல்டாக்காரன் இல்லை. தஞ்சாவூர், திருவாரூர், மன்னார்குடி, கும்பகோணம் என்று நாலு பக்கத்து வண்டியும் அங்கே வந்து சேரும். மன்னார்குடிக்குப் பிரியும் பாதையும் அங்கேயே. இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டிக்கொண்டு போகும் ரயில்கள், சரக்கு வண்டி என்று ஒன்று மாற்றி ஒன்று. மேம்பாலம் பற்றிய பேச்சு எங்கள் ஹாஸ்டல் காலத்திலேயே பழசு. நீடாமங்கலம் அங்கே மருந்துக்கடை வைத்திருக்கிறான். கடையில் வேறு ஆள் இல்லை, வீட்டுக்கு வர முடியாது என்று முன்னாலேயே சொல்லிவிட்டான். "நீ கவலைப்படாதே. கேட் போட்டிருப்பான். அங்க வந்து பார்த்துக்கிறேன்."

சொன்னது மாதிரியே கேட் மூடியிருந்தது. வரிசையில் நாற்பதாவது வண்டியாக நின்று போன் செய்தேன். பத்து நிமிஷத்தில் டிவிஎஸ்ஸில் வந்தான். ஒரு கையில் பால் திரட்டுப் பொட்டலம், இன்னொரு கையில் என் மனைவிக்கு முட்டி வலி களிம்பு. "இந்த கேட்டுல நின்னுதாண்டா என் பொண்ணுக்கு மாப்பிள்ளையே அமைஞ்சுது" என்று ஆரம்பித்தான். பக்கத்துக் காரில் இருந்தவரோடு அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்ததில் ஜாதகம் கைமாறிவிட்டதாம். கொஞ்சம் கூட்டிச் சொல்லுகிறவன்தான். ஆனாலும் நீடாமங்கலத்தில் அது நடக்கும்.

எங்களுக்கு முன்னால் ஒரு சரக்கு ரயில் நகர ஆரம்பித்தது. பெட்டி பெட்டியாக மூடிய வேகன்கள். "எல்லாம் நெல்லு. அரவைக்கு வெளி மாவட்டம் போவுது" என்றான் நீடாமங்கலம். எண்ண ஆரம்பித்து இருபதுக்குமேல் விட்டுவிட்டேன். கேட் தூக்கியதும் பின்னாலிருந்து அத்தனை ஹாரனும் அடித்தது. அவன் வண்டிக்குள் ஏறிப் பார்க்கக்கூட நேரமில்லை. வாழைத்தாரில் ஒரு சீப்பை மட்டும் அவசரமாக அறுத்து ஜன்னல் வழியாகக் கொடுத்தாள் மனைவி.

மன்னார்குடியில் நிற்கவில்லை. ஹரித்ராநதி தெப்பக்குளத்தைச் சுற்றும்போது மட்டும் வேகம் குறைத்தேன்.

மன்னார்குடி தாண்டிக் கோட்டூர்ப் பக்கம் கிராமச் சாலைக்குள் திரும்பியபோதுதான் உண்மையான சோதனை. என் வண்டி, கூரையில் இருக்கும் ஏசியோடு சேர்த்து ஒன்பதரை அடி. கிராமத்துத் தெருவில் கேபிள் டிவி ஒயர் எட்டடியில் தொங்குகிறது. கரண்ட் ஒயர் அதைவிடக் கொஞ்சம் மேலே. நான் நிறுத்தி யோசிப்பதற்குள் பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன்கள் கூடிவிட்டார்கள். ஒருவன் ஓடிப்போய் கொம்பு ஒன்று எடுத்துவந்து கேபிளைத் தூக்கிப் பிடித்தான். "கரண்டு கம்பிப் பக்கம் போயிடாதடா" என்று நான் கத்த, "அது எங்களுக்குத் தெரியும் தாத்தா" என்று பதில். இன்னொருவன் முன்னால் நடந்துகொண்டு "வரலாம் வரலாம்... லெப்ட்டு, லெப்ட்டு... ஆஃப்!" என்று கையைக் காட்டினான். திருவாரூர் தேரழகு என்று சொல்வார்களே, அந்த அழகில் எங்கள் வண்டி ஆடி அசைந்து தெருவுக்குள் போனது. ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்து ஒரு பாட்டி தேருக்குக் கும்பிடுவது மாதிரி கையைத் தூக்கிவிட்டு, என்ன என்று தெரிந்ததும் சிரித்தார்.

கோட்டூர் வீட்டில் இல்லை. அவன் மனைவி வாசலில் நின்றார். "அவுரு கொள்முதல் நிலையத்துல இருக்காரு. அஞ்சு நாளாச்சு வீட்டுக்கு வந்து. சாப்பாடே அங்கதான் போவுது. நீங்க உள்ள வாங்க, ரூம் ஒழிச்சு வச்சிருக்கேன்."

கோட்டூரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் எல்லாரிலும் அதிகம் படித்திருக்க வேண்டியவன். அப்பா தவறியதும் இரண்டாம் வருடத்தோடு நிறுத்திக்கொண்டு ஊருக்குப் போனவன் அப்புறம் நகரவேயில்லை. இருபது மா நிலம், அதாவது ஒரு வேலி, ஆறரை ஏக்கர் சொச்சம். கடைமடை. தண்ணீர் கடைசியாக வந்து சேரும், வெள்ளம் மட்டும் முதலில் வந்துவிடும். என் கல்யாணம் தையில் நடந்தது, சம்பா அறுப்பு, வரவில்லை. வீடு கட்டிக் குடிபோனது ஆவணி, நடவு, வரவில்லை. அவனுக்காகவே மகள் கல்யாணத்தை வைகாசியில் வைத்தோம். தண்ணீர் இல்லாத மாதம், என்ன வேலை இருக்கப்போகிறது என்று. கல்யாணத்துக்கு முதல் நாள் கோடை மழை கொட்டி, ஈரம் காய்வதற்குள் உழவு ஓட்ட வேண்டும் என்று நின்றுவிட்டான். ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் ஒரு மூட்டை அரிசி மட்டும் வந்து இறங்கும். கஜா புயலுக்கு, 2018 நவம்பரில், மாட்டுக்கொட்டகை பறந்து, தென்னை ஒன்றுகூட மிச்சமில்லாமல் சாய்ந்தபோது நான் வந்து பார்த்தேன். அப்போதும் அவன் சொன்னது, "உன் வீட்டுக்கு ஒரு தடவ வரணும்டா" என்பதுதான். வெளியே நின்று பார்த்தால் சாக்கு மாதிரிதான் தெரியும். எனக்கும் சில வருடம் அப்படித் தெரிந்திருக்கிறது.

கொள்முதல் நிலையம் என்றதும் பெரிய கட்டடம் என்று நினைக்க வேண்டாம். ஒரு ஷெட், ஒரு சிமெண்ட் களம், தூற்றும் மெஷின், தராசு. எந்த ஊர் என்று எழுதாதே என்று கோட்டூர் சொல்லியிருக்கிறான். எடை போட்டு 40 கிலோ சிப்பமாகத் தைத்து அடுக்கியது ஷெட் நிறையக் கிடக்கிறது. அதை ஏற்ற லாரி வரவில்லை. லாரி வராததால் இடம் இல்லை. இடம் இல்லாததால் புதிதாக எடை போடவில்லை. களத்தைச் சுற்றி இருபது முப்பது குவியல், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கட்டில், ஒரு மனிதன். நீடாமங்கலத்தில் நான் எண்ணாமல் விட்ட வேகன்கள் நினைவுக்கு வந்தன.

கோட்டூர் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டிருந்தான். வெள்ளைத் தாடி. கைலியும் பனியனும். "வந்துட்டியா வெறும்" என்றான், நேற்றுப் பிரிந்தவன் மாதிரி. "வீட்டுக்குப் போங்கடா. தங்கச்சிக்கு முட்டி முடியாதுல்ல. காத்தால வர்றேன்."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள்தான் சொன்னாள். "அண்ணே, வீடு இங்கதான் இருக்கு. இந்த வேப்பமரத்துக்குக் கீழ நிறுத்திக்கிறோம். நீங்க நம்ம வீட்டுக்கு வாங்க, சாப்பிட."

அவன் கொஞ்ச நேரம் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். "இருங்க, வர்றேன்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டான்.

நான் வண்டியை மேற்கே பார்க்க நிறுத்தினேன். மனைவி திசைகாட்டியைப் பார்த்துச் சரி என்றாள். அன்று காலையிலிருந்து முதன்முறையாக எங்கள் அடுப்பு எரிந்தது. ரவா தோசை, வெங்காயச் சட்னி, அம்மாபேட்டை வடகம். தோசையின் முதல் மூன்றும் கல்லோடு ஒட்டிக்கொண்டன.

இருபது நிமிஷம் கழித்துக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் கோட்டூர். தலை சீவியிருந்தான். கைலியை மாற்றி வேட்டி கட்டி, சட்டை போட்டிருந்தான். யாரிடம் வாங்கினானோ. கையில் ஒரு பாலிதீன் பை, அதில் நாலு ஆப்பிள், வெற்றிலை பாக்கு, வாழையிலைத் துண்டில் மடித்த இரண்டு முழம் கதம்பம். செருப்பைக் கீழே கழற்றி ஓரமாக ஜோடியாக வைத்தான். பக்கத்துக் குழாயில் கால் கழுவிக்கொண்டான். படிக்குக் கீழேயே நின்றுகொண்டு கேட்டான்:

"வரலாமா?"

"வாங்கண்ணே" என்றாள் மனைவி.

பூவை அவளிடம் கொடுத்தான். உள்ளே சுற்றிப் பார்த்தான். எல்லாரும் கேட்ட கேள்விகளை, எவ்வளவு ஆச்சு, மைலேஜ் என்ன, டாய்லெட் நாறாதா, எதையும் கேட்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த மகளின் கல்யாணப் படத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்தான். "மாப்பிள்ளை உன்னைவிட உயரம்" என்றான். சோபாவின் நுனியில் உட்கார்ந்தான், விருந்தாளி உட்காருகிற மாதிரி. ஏழு தோசை சாப்பிட்டான். இடையில் இரண்டு முறை எழுந்து கதவு வழியாகக் குவியலை எட்டிப் பார்த்தான். சாப்பிட்டு முடித்துத் தட்டை அவனே கழுவப் போனபோது மனைவி பிடுங்கிக்கொண்டாள்.

"இஞ்ச வந்து உட்காருங்கண்ணே. எங்க வீட்ல விருந்தாளி தட்டு கழுவறதில்ல."

படுக்கச் சொன்னோம். மாட்டேன் என்றான். நாய் வரும், மாடு வரும், பனி இறங்கும், தார்ப்பாய் விலகினால் ஈரம் ஏறிவிடும், ஈரம் ஏறினால் நாளைக்கு மெஷினில் 17க்குமேல் காட்டும், திருப்பி அனுப்பிவிடுவார்கள். "நான் பார்த்துக்கிறேன், டார்ச்ச குடு" என்றேன். "உனக்கு என்னடா தெரியும்?" என்றான். அதில் நியாயம் இருந்தது. ஒருவழியாக ஒரு மணி நேரம் மட்டும் என்று சோபாவை இழுத்துப் படுக்கையாக்கிக் கொடுத்தோம். கதவைத் திறந்தே வைக்கச் சொன்னான், தலையைக் குவியலைப் பார்த்து வைத்துக்கொண்டான். படுத்த மறுநிமிஷம் குறட்டை. ஐந்து நாள் தூக்கம்.

நான் அவன் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். பக்கத்துக் குவியல்காரர் பீடி பற்றவைத்துக்கொண்டு கேட்டார்.

"எந்தப் படத்துக்குங்க ஷூட்டிங்?"

எழுப்பவில்லை. நாலரை மணிக்கு அவனே பதறி எழுந்து வந்து என்னைத் திட்டினான். தார்ப்பாய்மேல் பனி முத்து முத்தாக நின்றது. ஓரத்தைத் தூக்கி உள்ளே கையை விட்டுக் கொஞ்சம் நெல்லை எடுத்தான். ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தான். கண்ணை மூடிக்கொண்டு இன்னொன்று.

"பதினேழுதான் இருக்கும்" என்றான்.

என் கையில் இரண்டு மணி போட்டான். நானும் கடித்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தது.